பொறி எண் பதினேழு

ஜூன் மாதம். தாஸ்மேனியாவின் வடமேற்கு முனை.
ஆர்தர் ஆறு கடலில் சேருமிடத்துக்கு மேலே
உறைபனி பூத்த புல்வெளியில்
ஒரு வெள்ளைக் குழாய், மூடி விழுந்து கிடக்கிறது.
உள்ளே மூச்சு.

பெர்னிஸ் டைரீன் மண்டியிட்டு
சாக்கின் வாயை அதன் வாயோடு பொருத்துகிறாள்.
பேய் என்று இதற்குப் பெயர் வைத்தவர்கள்
இருட்டில் கத்தலை மட்டும் கேட்டவர்கள்.
மடியில் கிடத்தினால் இது
ஈரக் கம்பளி நாற்றத்தோடு நடுங்கும் ஒரு கனம்,
அவ்வளவுதான்.

இடது கன்னத்தில், மீசைமயிரின் அடியில்
வெடித்த அத்திப்பழம்.

இது இவளுடையது அல்ல.
பள்ளிப் பிள்ளைகளிடம் பெர்னிஸ்
ஒவ்வொரு வருடமும் சொல்லித் தோற்கும் வரி இது.
கட்டி என்றால் நம் கட்டி,
நம் செல், நம் பிழை, நம்மோடு முடியும்.
அவள் அப்பா மெர்வினின் கட்டி
கணையத்திலிருந்து கல்லீரலுக்குப் போனது,
அதற்குமேல் போக இடமில்லாமல்
அவரோடு பெட்டிக்குள் இறங்கியது.
இது வேறு.

எப்போதோ, எந்தப் புதரிலோ, ஒரு பெண் பேய்.
அவள் நரம்புக்கு உறை போர்த்திக் காப்பதே
வேலையாய் இருந்த ஒரு செல்.
இரண்டாய்ப் பிரியும்போது நூல் தவறியது.
(தவறும். இதை நீ வாசிக்கையில் உனக்குள்ளும் தவறுகிறது.
திருத்துகிறவர்கள் வந்து திருத்துவார்கள்,
இல்லையென்றால் செல்லே வெட்கப்பட்டுச் செத்துப்போகும்.)
அது சாகவில்லை.
வேலி பயிரை மேயத் தொடங்கியது.
நிறுத்து என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் காதடைத்து
ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்.
பசித்தபோது ரத்தக்குழாயைக் கூப்பிட்டது.
குழாயும் வந்தது,
கூப்பிடுவது யார் என்று பாராமல்.

பிறகு காதல் மாதம்.
பேய்கள் காதலிப்பது முகத்தைக் கடித்து.
ஒரு பல்லில் ஏறி ஒரு காயத்தில் இறங்கியது.
புது உடம்பின் காவல் யாரென்று கேட்க,
பெயர்ப்பலகையைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு
வீட்டு ஆள் போல நடந்து போனது.

அந்தப் பெண் செத்து எலும்பும் மண்ணாகிவிட்டது.
அவள் செல் இன்னும் சாகவில்லை.
ஆயிரம் முகங்களில் அதே அவள்,
கன்னத்திலிருந்து கழுத்தின் நிணக்கணுவுக்கு,
கணுவிலிருந்து நுரையீரலுக்கு,
மூச்சு முட்டுமுன் இன்னொரு கடிக்கு.
பெர்னிஸ் எந்தப் பொறியைத் திறந்தாலும்
அவளைத்தான் சந்திக்கிறாள்.

பொறி என்றால் கண்ணி.
பொறி என்றால் தீத்துளி.
கண்ணும் மூக்கும் வாயும்கூடப் பொறிதான்.
எல்லாம் இந்த ஒரு முகத்தில்.

வண்டியில் ஊசி இருக்கிறது. விதியும் இருக்கிறது:
இரை கடிக்க வாய் திறக்காவிட்டால்.
பெர்னிஸ் விரலால் உதட்டை நீக்குகிறாள்.
திறந்தது. கடிக்கவும் பார்த்தது.
வயிற்றுப் பையில்
மயிர் முளைக்காத மூன்று, காம்பில் பூட்டியபடி.

காலிப்பரை எடுத்தாள்.
மார்ச்சில் முப்பத்தொரு மில்லிமீட்டர்.
இன்று இருபத்தேழு.
மறுபடி: இருபத்தேழு.
கையுறையைக் கழற்றி, இரும்பை வாயால் ஊதிச் சூடாக்கி,
மறுபடி: இருபத்தாறரை.

"மார்ச்ல அளந்தது நான்," என்கிறான் டாரில்,
தெர்மாஸின் மூடியை வெகுநேரம் திருகிக்கொண்டே.
"தப்பா அளந்திருப்பேன்."

"இருக்கலாம்."

பேனா உறைந்துவிட்டது. பென்சிலால்
எண்ணை மட்டும் எழுதினாள்.
பக்கத்தில் ஒரு கோடு இழுக்கப்போய்
இழுக்காமல் விட்டாள்.

சாக்கு திறந்தது.
நன்றி கிடையாது, திரும்பிப் பார்ப்பதும் கிடையாது.
நொண்டுவது போன்ற அந்தப் பிறவி ஓட்டம்,
பனியில் ஒரு கறுப்புக் கோடு, பிறகு புதர்.

குழாயைக் கழுவவேண்டும்.
கிருமிநாசினி இரண்டு முறை.
பதினெட்டாம் பொறிக்கு
இன்னும் நான்கு கிலோமீட்டர்.